தானாகப் பொங்கும் தண்ணீர்

கண்டாவளையில் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு அக்கா கடன் விண்ணப்பத்தை நீட்டினார். 2009இல் கணவரை இழந்தவர். மூன்று பிள்ளைகள்.

"தங்கச்சி, ஆழமாய்க் குழாய்க்கிணறு அடிச்சால் தண்ணி தானாய்ப் பொங்குமாம். மோட்டரும் வேண்டாம், கறன்ட் காசும் வேண்டாம் எண்டு அடிக்க வந்தவர் சொல்லுறார். உண்மையோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சமூகவியல் படித்த எனக்கு நிலத்துக்குக் கீழே நடப்பது எங்கே தெரியும்? ஒரு கிழமை தவணை கேட்டுவிட்டுத் தேடிப் படித்தேன்.

அப்படிப் பொங்கும் கிணறுகள் உண்டு, சகோதரிகளே. ஆட்டீசியன் கிணறு என்பார்கள். பிரான்சின் ஆட்டுவா பகுதியால் வந்த பெயர். பாரிஸ் நகரின் கிறனெல் என்னும் இடத்தில் 548 மீற்றர் ஆழம் துளைத்தபோது, 1841இல் தண்ணீர் பீறிட்டது. தமிழ்நாட்டு நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கீழேயும் இத்தகைய அமுக்க நீர் இருக்கிறது. சுரங்கம் மூழ்காமல் இருக்க அதை இடைவிடாது இறைக்கிறார்கள். நம் நாட்டில் புத்தளம் வண்ணாத்திவில்லுப் பகுதியிலும் சுண்ணக்கல்லுக்குள் இப்படி அடைபட்ட நீர் உண்டு.

நடப்பது இதுதான். மேட்டு நிலத்தில் பெய்யும் மழை மணலுக்குள்ளோ சுண்ணக்கல்லுக்குள்ளோ இறங்கிச் சரிவாக ஓடுகிறது. அதன் மேலும் கீழும் தண்ணீர் புகாத களி இருந்தால், நீர் நடுவில் அடைபட்டுவிடும். உயரத்தில் தண்ணீர்த் தாங்கியை வைத்து, கீழே வரும் குழாயில் ஊசியால் குத்திப் பாருங்கள். தண்ணீர் மேலே பீறிடும். மேற்களியைத் துளைத்தாலும் அப்படித்தான். மழை இறங்கிய மேட்டின் உயரத்தை நோக்கி நீர் எழும்பும். நம் வளவு அந்த மட்டத்துக்குக் கீழே இருந்தால் பொங்கி வழியும். மேலே இருந்தால் பாதிக் குழாயில் நின்றுவிடும். களியோ மேடோ இல்லாத இடத்தில் எத்தனை அடி அடித்தாலும் பொங்காது.

பொங்குவதும் நிலையல்ல. அவுஸ்திரேலியாவில் 1878 முதல் இத்தகைய கிணறுகளை அடித்து, நீரைத் திறந்தபடி ஓடவிட்டார்கள். அமுக்கம் குறைந்து பல கிணறுகள் பொங்குவதை நிறுத்தின. பிறகுதான் வாய்க்கு மூடி போட்டார்கள்.

அடுத்த கிழமை அக்காவுடன் அயல் வளவுக்குப் போய், அங்கிருந்த ஆழமான குழாய்க்கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தோம். உப்புக் கரித்தது. கடல்நீரேரி பக்கத்தில் இருக்கும் ஊரில், ஆழம் போனால் நல்ல தண்ணீர் வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

அக்கா கன நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என்ர பழைய கிணத்தையே பார்ப்பம்" என்றார்.

போரில் இடிந்து தூர்ந்துபோன கிணறு அது. அரைவாசிக் கடனிலேயே தூர் வாரி, கட்டும் கட்டி முடித்தார். அந்த மாரியில் தண்ணீர் மேற்படி வரை ஏறியது. பொங்கவில்லை; ஆனால் குடிக்க நல்ல தண்ணீர்.

உங்களிடமும் யாராவது பொங்கும் கிணறு என்று சொல்லி வந்தால், கடன் எடுக்க முன் அயல் கிணறுகளைக் கேளுங்கள். நீர்வளச் சபையிடமும் கேளுங்கள். கேட்பது வெட்கமில்லை. நானும் கேட்டுத்தான் அறிந்தேன்.