விண்மீன் போர்வை தைக்கும் அம்மா

மெக்சிகோ மக்களுக்குக் குவாதலூப்பே மாதாதான் எல்லாருக்கும் தாய். 1531-இல் மெக்சிகோ நகருக்கு அருகே ஒரு குன்றில், ஹுவான் தியேகோ என்ற எளிய மனிதருக்கு அவள் காட்சி கொடுத்ததாக நம்பிக்கை. அமெரிக்காவில் குடியேறியவர்களின் வீடுகளிலும் அவள் படம் இருக்கும். 1966-இல் கலிஃபோர்னியாப் பண்ணைத் தொழிலாளர்கள் உரிமை கேட்டு நடந்தபோது, அவள் படம் போட்ட கொடியும் கூடவே சென்றது. கைகூப்பி, கண் தாழ்த்தி, பிறைமேல் நிற்பாள். சுற்றிலும் ஒளிக்கதிர், தோளில் விண்மீன் போர்வை, காலடியில் ஒரு குட்டித் தேவதூதன்.

மெக்சிகோ வழிவந்த அமெரிக்கப் பெண்கள், உரிமைப் போராட்டக் காலத்தில் தங்களைச் 'சிக்கானா' என்று பெருமையோடு அழைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ஓவியர் யோலாண்டா லோபஸ். சான் டியேகோவில் 1942-இல் பிறந்தவர். 1978-இல் அந்த ஒளிவட்டத்துக்குள் அவர் தம் வீட்டுப் பெண்கள் மூவரை வரைந்தார்.

ஒரு படத்தில் பாட்டி, உரித்த பாம்புத் தோலும் கத்தியுமாக அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். இன்னொன்றில் ஓவியரே காலில் ஓட்டக் காலணியோடு, கையில் பாம்பைப் பிடித்துக்கொண்டு படத்தைவிட்டு வெளியே ஓடி வருகிறார். மூன்றாவது அவருடைய அம்மா. துணி தைத்து உழைத்தவர். தையல் மிஷின் முன் உட்கார்ந்து, மாதாவின் அந்த விண்மீன் போர்வையையே தைத்துக்கொண்டிருக்கிறார்!

லோபஸ் 2021 செப்டம்பரில் காலமானார். அடுத்த மாதமே சான் டியேகோ அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியக் கண்காட்சி தொடங்கியது. அப்போது நாங்கள் மகன் வீட்டில் இருந்ததால் பார்க்க வாய்த்தது. தையல் மிஷின் படத்தை விட்டு என் மனைவி நகரவே இல்லை.

"ஏங்க, சாமி உடுத்துற துணியையும் யாரோ ஒரு அம்மாதானே உட்கார்ந்து தைச்சிருப்பா?" என்றாள்.

இந்தப் படங்களின் சாரமே அதுதான் என்று எனக்குப் பட்டது. தாயைத் தெய்வம் என்று சொல்லிவிடுவது சுலபம். தெய்வத்துக்கு முதுகு வலிக்காது, கூலி வேண்டாம், ஓய்வும் வேண்டாம். லோபஸ் மாதாவைக் கீழே இறக்கவில்லை. உழைக்கிற தாயை, அவள் உழைப்போடு சேர்த்து அந்த வெளிச்சத்தில் உட்கார வைத்தார்.

எல்லாரும் இதை ரசிக்கவில்லை. குட்டைப் பாவாடையும் செருப்புமாக மாதா நடந்து வரும் அவருடைய இன்னொரு படத்தை, 1984-இல் மெக்சிகோவின் பெண்கள் இதழ் ஒன்று அட்டையில் போட்டது. வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. பக்தர்களின் மனம் புண்பட்டதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நிற்கிற தாயை வணங்குகிறவர்கள், அவள் நாலடி நடந்தால் ஏன் பதறுகிறார்கள் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?