மூன்று டன் தைரியம்

என் தங்கை சென்ற பனிக்காலம் முழுக்க ஒரு டிரக் வாங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கனடாவில், வடக்கு ஒன்டாரியோவின் சட்பரி நகரில் வீடு வீடாகச் செல்லும் செவிலியர் அவள். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, முதியவர்களின் மாத்திரைகளைச் சரிபார்ப்பது அவளுடைய வேலை. அந்த நகராட்சியின் பரப்பு 3,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். காலையில் லைவ்லியில் ஒரு பாட்டி, மதியம் கேப்ரியோலில் ஒரு தாத்தா என்று நாளெல்லாம் சாலையில்தான் இருப்பாள். ஜனவரியில் விடிய எட்டு மணி ஆகிவிடும். வெப்பம் மைனஸ் 20க்குக் கீழே இறங்குவது அங்கே செய்தியே இல்லை.

திருமணமான புதிதில் அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்கிறேன் என்றபோதெல்லாம், "பனியில ஓட்டுறது உனக்கு வராது" என்பது கணவரின் பதில். 34 வயதில், அவருக்குச் சொல்லாமலே பயிற்சிக்குப் போய் உரிமம் வாங்கினாள். இப்போது வயது 41. பிரிந்து வந்தபோது கூட வந்தவை ஒன்பது வயது மகளும், பன்னிரண்டு வருடப் பழைய சின்னக் கார் ஒன்றும். அந்தக் கார் ஒரு டிசம்பர் மாலையில் சாலையோரப் பள்ளத்தில் சறுக்கி இறங்கியது. அவளுக்கு அடி எதுவும் இல்லை. ஆனால் மறுநாளே ஆலோசனைகள் வரத் தொடங்கின. எல்லாம் ஒரே ஆலோசனைதான்: பெரிய வண்டி வாங்கு.

டொரோண்டோ பக்கம் இருக்கும் எங்கள் சித்தப்பா மகன் ஒரு திட்டமே போட்டுக் கொடுத்தார். ஹெவி டியூட்டி டிரக் வாங்கி, முன்னால் பனி தள்ளும் தகடு மாட்டிக்கொள்ள வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து நான்கைந்து கடைவாசல்களைச் சுத்தம் செய்தால் தவணை அதிலேயே கட்டிவிடலாம். ஏழு மணிக்கு நர்ஸ் வேலைக்குப் போய்விடலாம். மூன்றிலிருந்து ஏழு வரை குழந்தையை யார் பார்ப்பது என்ற வரி மட்டும் அந்தத் திட்டத்தில் இல்லை.

பொங்கல் விடுமுறையோடு சம்பளமில்லா விடுப்பும் சேர்த்து மூன்று வாரம் நான் அவளோடு இருந்தேன். எனக்கு ஸ்கூட்டிக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது. தமிழ் படித்தவளுக்கு அங்கே முதலில் உறைத்தது சொல் பஞ்சம்தான். மார்கழியில் புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனி, அங்கே வாசற்கதவைத் திறக்கவிடாமல் குவிந்து கிடப்பதும் பனி. தங்கை அதை வகை வகையாகப் பிரிக்கிறாள். மாவுபோல் உதிர்வது, உப்பு பட்டுச் சேறாய்க் குழைவது, தார்ச்சாலையின் நிறத்திலேயே உறைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பது. "மூணாவதுதான்க்கா ஆளைக் கொல்றது" என்றாள்.

ஒரு சனிக்கிழமை மூவருமாக வண்டி விற்பனையகத்துக்குப் போனோம். அங்கே நின்றிருந்தவை ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 வகையறா. டீசல் இன்ஜினும் நான்கு கதவும் சேர்ந்தால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட மூன்று டன். தங்கையின் உயரம் 152 சென்டிமீட்டர். படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, ஏறி உட்கார்ந்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "அக்கா, இங்க இருந்து பாத்தா எல்லாரும் சின்னதா தெரியுறாங்க. இதுல போனா என்னை யாரும் ஹாரன் அடிச்சு விரட்ட மாட்டாங்க இல்ல?" என்றாள். அந்த ஆசையை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வருடம் பக்கத்து இருக்கையிலேயே உட்காரவைக்கப்பட்டவள், சாலையில் பெரிய ஆளாக இருக்க ஆசைப்பட்டால் அதில் கேலி செய்ய என்ன இருக்கிறது?

ஆனால் அவள் கேள்வி கேட்டபோது விற்பனையாளர் அண்ணனைப் பார்த்துப் பதில் சொன்னார். "இதில் எவ்வளவு எடை ஏற்றலாம்?" என்று அவள் கேட்டாள். "உங்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் சார்" என்றார் அவர். தங்கை இறங்கி வந்து ஓட்டுநர் கதவைத் திறந்தாள். உள்சட்டத்தில் ஒட்டியிருந்த லேபிளைக் குனிந்து படித்தாள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். டீசல் இன்ஜினே கனம் என்பதால் அந்தக் கனம் சரக்குக் கணக்கிலிருந்து கழிந்துவிடும் என்று அவளே அண்ணனுக்கு விளக்கினாள். அவர் முதன்முறையாக அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

அங்கே நின்ற அத்தனை வண்டிகளின் கண்ணாடியிலும் பனி துடைக்கும் வைப்பர் இருந்தது. அது அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண் கண்டுபிடித்தது. நியூயார்க்கின் பனிக்காலத்தில் டிராம் ஓட்டுநர் சாலையைப் பார்க்க ஜன்னலைத் திறந்து திறந்து மூடுவதைக் கவனித்து, உள்ளிருந்தே இயக்கும் துடைப்பானை வடிவமைத்து, 1903இல் காப்புரிமை பெற்றார். வணிகப் பயன் இல்லை என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார்கள். பின்னால் அது எல்லாக் கார்களிலும் வந்தது. அவருக்குக் காசு வரவில்லை.

அடுத்த பத்து நாள் தங்கை பாடம்போலப் படித்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி பனியில் சுலபமாகக் கிளம்பும். ஆனால் நிற்பதற்கு அந்த இழுவை உதவாது. நிறுத்துவது டயர். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். குளிர்கால டயரின் ரப்பர் மைனஸிலும் இளகியே இருக்கும். மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த குறி அதன் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். டிரக்கின் கனமெல்லாம் முன்னால் இன்ஜினில். பின்தொட்டி காலியாக இருந்தால் பின்சக்கரம் லேசாகி வழுக்கும். அதனால்தான் அங்கே பலர் தொட்டியில் மணல் மூட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்கள். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். இரவு முழுக்க இன்ஜினை மின்சாரத்தில் செருகிச் சூடாக வைக்க வேண்டும்.

அப்படியானால் அந்த டிரக் யாருக்கு? தேவைப்படுகிறவர்களுக்கு அது மிக நல்ல வண்டி. பனி தள்ளும் தகடு மட்டுமே 300, 400 கிலோ வரும். அதை மூக்கில் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க முட்டித் தள்ள உறுதியான முன் அச்சு வேண்டும். குதிரை வண்டியை இழுப்பவருக்கும், சுரங்கத்துக்குத் தளவாடம் கொண்டுபோகிறவருக்கும் சிறிய வண்டி போதாது. என் தங்கையின் சரக்கு என்ன? கட்டுத்துணிப் பை, ரத்த அழுத்தக் கருவி, மகளின் பள்ளிப் பை.

பாரம் ஏற்றிய வண்டியைப் பற்றி நம்மிடையே பேசிய பெண் ஒருத்தி உண்டு. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர்கள் வண்டிக்குக் கீழே கட்டிச் செல்லும் சேம அச்சை ஒரு தலைவனுக்கு உவமையாக்குகிறார். எருது இளையது, சரக்கு மிகுதி, போகும் வழியில் பள்ளமும் மேடும் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மாற்று அச்சு. மாடு, சுமை, வழி மூன்றையும் எடைபோட்டவள் சொன்ன உவமை அது. பொருள் தேடிப் பிரிந்து போகிறவன் ஆண், வீட்டில் காத்திருப்பவள் பெண் என்று வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். வழியை அறிந்த ஔவையின் இந்தக் கண்ணை அதே அழுத்தத்தோடு நடத்துகிறோமா என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன்.

தங்கையை மிகவும் குழப்பிய சொல் 'பாதுகாப்பு'. பெண்ணிடம் எதை விற்க வேண்டுமானாலும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறார்கள். அவளுடைய அச்சம் பொய்யும் அல்ல. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒத்த விபத்தில், சீட் பெல்ட் அணிந்த ஆண் ஓட்டுநரைவிட, பெல்ட் அணிந்த பெண் ஓட்டுநர் கடுமையாகக் காயமடையும் வாய்ப்பு 47 சதவீதம் அதிகம். பல பத்தாண்டுகளாக மோதல் சோதனையின் அளவுகோலாக இருந்தது சராசரி ஆணின் உடல். பெண் உடலுக்கென்று வைத்ததோ பெரும்பாலும் அந்தப் பொம்மையைச் சுருக்கிய வடிவம். ஆனால் உயரமான வண்டி தரும் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறவர் விலை கொடுக்கிறார். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையம் 2023இல் சொன்ன கணக்கு இது: முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி பாதசாரியை மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிந்த மூக்குடைய வண்டியைவிட மரணம் நேரும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். தங்கை இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது மகள் வண்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். "அவ தலை எனக்குத் தெரியலக்கா" என்று அன்றிரவு சொன்னாள்.

ஸ்வீடனில் கார்ல்ஸ்கூகா என்ற சிறு நகரம் உண்டு. அங்கே நகராட்சியின் ஒவ்வொரு வேலையையும் பாலினச் சமத்துவக் கண்ணோடு ஆராய்ந்தபோது, பனி அள்ளுவதில் ஆண், பெண் என்ன என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டாராம். பார்த்தால் அதிலும் இருந்தது. முதலில் பெருஞ்சாலை, கடைசியில் நடைபாதை என்பது வழக்கம். பெருஞ்சாலையில் கார் ஓட்டி வேலைக்குப் போகிறவர்களில் ஆண்கள் அதிகம். பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டும் பேருந்துக்கு நடந்தும் போகிறவர்களில் பெண்கள் அதிகம். வழுக்கி விழுந்து மருத்துவமனைக்கு வருகிறவர்களிலும் அவர்களே அதிகம். வரிசையை மாற்றினார்கள். அதே பனி, அதே செலவு, நடைபாதை முதலில்.

இதைப் பேசிக்கொண்டிருந்த இரவில்தான் தங்கை நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். விலைச்சீட்டில் 80,000 டாலருக்கு மேல், 84 மாதத் தவணை, டீசல், காப்பீடு என்று எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "நான் வண்டி வாங்கறது யாருக்காகக்கா? நோயாளி வீட்டுக்குப் போறது கம்பெனி வேலை. கம்பெனிக்கு ஒரு வண்டியும் கிடையாது. நூறு பேரும் பொம்பளைங்க, நூறு பேரும் சொந்தக் கார்ல ஓடறோம்" என்றாள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிறுவனம் ஒரு தொகை தருகிறது. குளிர்கால டயருக்கு அதில் கணக்கில்லை. பனியில் இரட்டிப்பாகும் பயண நேரத்துக்கும் இல்லை. எந்த வண்டி என்ற கேள்விக்கு அடியில், பனியின் செலவு யாருடையது என்ற கேள்வி இருந்தது. அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளே கண்டுபிடித்தாள்.

டிரக் வாங்கவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும், தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்த பழைய கார் ஒன்றை, மெக்கானிக்கிடம் காட்டி வாங்கினாள். நான்கு குளிர்கால டயர்களைத் தனி ரிம்மில் மாட்டி வைத்துக்கொண்டாள். டிக்கியில் மண்வாரி, மணல், கம்பளி, மெழுகுவர்த்தி. ஔவையின் சேம அச்சு என்று நான் சொன்னதற்குச் சிரித்தாள். அண்ணனுக்கு வருத்தம்தான். "கையில வந்த வருமானத்தை விட்டுட்டியேம்மா" என்றார். "அந்த மூணு மணிக்கு நான் தூங்கணும்ணா" என்று சொல்லிவிட்டாள்.

கிலோமீட்டர் தொகையில் டயரையும் பயண நேரத்தையும் சேர்க்கச் சொல்லி, தொழிற்சங்கத்தில் அவளும் இன்னும் பதினொரு பெண்களும் மனு கொடுத்திருக்கிறார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை. டிரக்மீது அவளுக்கு இப்போதும் கண் உண்டு. ஓய்வுபெற்ற பிறகு ஒரு குதிரை வளர்ப்பாளாம், அப்போது இழுக்க வண்டி வேண்டுமாம். சென்ற வாரம் தொலைபேசியில், டீசலை உறையாமல் வைக்க என்ன கலக்க வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.