பழைய லேண்ட் க்ரூஸர்: பானெட்டுக்கு அடியில்

1985 மாடல் டொயோட்டா லேண்ட் க்ரூஸர், எஃப்ஜே60. கலிஃபோர்னியா வண்டி. பானெட்டைத் தூக்கினால் 4.2 லிட்டர் எஞ்சினே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள், அவற்றின் வேக்யூம் ஹோஸ்கள். இந்த வண்டியை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, இதையெல்லாம் கழற்றி எறிந்துவிடலாமா என்பதுதான். கூடாது என்பது என் கட்சி. சட்டம் ஒரு காரணம். அது இல்லாவிட்டாலும் இதையே சொல்வேன்.

சட்டம் இதுதான்: 1975 மாடல் வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குக் கலிஃபோர்னியாவில் ஸ்மாக் சோதனை கிடையாது. 1976 முதல் உண்டு. பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. சைலன்சர் வழியே வரும் புகை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. கம்பெனி மாட்டி அனுப்பிய புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஹோஸ்களின் படம் இருக்கும். அது வெளுப்பதற்குள் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

*

கோளாறு பெரும்பாலும் ரப்பரில்தான். நாற்பது வருஷம் எஞ்சின் சூட்டில் வெந்த ஹோஸ், நுனியில் வெடித்திருக்கும். அதன் வழியே காற்று உள்ளே போகும், ஐட்லிங் தடுமாறும். உடனே கார்புரேட்டரைப் பிரித்துப் போடுகிறார்கள், பாவம் அது. நீளம் மிச்சமிருந்தால் நுனியை அரை அங்குலம் வெட்டித் திரும்ப மாட்டலாம். மாற்றுவதானால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மொத்தமாகக் கழற்றினால் எது எங்கே இருந்தது என்று தேடவே ஒரு நாள் போய்விடும். கலர் கலராக விற்கும் சிலிக்கான் ஹோஸ் பெட்ரோல் ஆவி படும் இடத்துக்கு ஆகாது, ஊறி உப்பிவிடும்.

*

இஜிஆர் வால்வு. ரொம்ப வசவு வாங்குவது இதுதான்.

சிலிண்டருக்குள் சூடு எல்லை மீறும்போது காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடு ஆகிறது. எரிந்து முடிந்த வாயுவில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே அனுப்பினால் சூடு தணியும். இஜிஆர் செய்வது இவ்வளவுதான். ஐட்லிங்கில் அது மூடியிருக்கும், எஞ்சின் குளிர்ந்திருந்தாலும் திறக்காது. ஆகவே ஒழுங்காக வேலை செய்யும் இஜிஆர், வண்டியை இழுக்க விடாமல் பண்ணுகிறது என்ற புகாரை நான் ஏற்பதில்லை. திறந்தபடியே சிக்கிக்கொண்ட வால்வு அப்படிப் பண்ணும். அது சுத்தம் செய்யாததன் பலன்.

சோதிப்பது எளிது. எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில் விட்டு, கை வேக்யூம் பம்பை வால்வில் மாட்டி இழுங்கள். எஞ்சின் திணற வேண்டும், அணைந்தே போனாலும் சரி. பம்பின் முள் இறங்காமல் நிற்க, எஞ்சினும் அசையாமல் ஓடினால் வால்வின் டயாப்ரம் நன்றாக இருக்கிறது, பாதை கரியால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். முள் நிற்காமல் இறங்கினால் டயாப்ரம் கிழிந்துவிட்டது. கரியைச் சுரண்டும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே வட்டமாக ஒரு மாடுலேட்டர் இருக்கும். அதன் மூடியைத் திறந்தால் சின்ன ஃபில்டர். காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும். பல வண்டிகளில் இந்த மூடி ஒரு தடவைகூடத் திறக்கப்பட்டிருக்காது.

*

லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்துக்கு வண்டிப்புகையும் வெயிலும் சேர்ந்து காரணம் என்று 1950களில் நிறுவியவர் கால்டெக் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித். அதற்கு முன்பு அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பானெட்டுக்கு அடியில் இருக்கும் இத்தனை சாமானுக்கும் ஆரம்பம் அவர் வேலைதான்.

*

ஏர் பம்ப்: பெல்ட்டில் ஓடி, எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குப் புதுக்காற்று அனுப்பும், எரியாமல் வந்தது அங்கே எரியும். பம்ப் இரைந்தால் முதலில் செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். காற்று ஒரு பக்கம்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் போனால், எக்ஸாஸ்ட் சூடு பின்னால் திரும்பி ஹோஸையும் பம்பையும் சேர்த்துத் தின்றுவிடும். செக் வால்வை மாற்றாமல் பம்பை மட்டும் மாற்றுவது தண்டச் செலவு.

*

சார்கோல் கேனிஸ்டர். காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சியரா நெவாடாவின் ரூபிகான் மாதிரியான தடத்தில் கோடை மதியம் நடை வேகத்தில் ஏறும்போது, சூடும் உயரமும் சேர்ந்து பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். டேங்கில் எழும் ஆவியைப் பிடித்து வைத்து, பிறகு எஞ்சினுக்கே ஊட்டுவது இந்தக் கரிப் பெட்டி. அடைத்துக்கொண்டால் டேங்க் மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று சீறும், வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கும். தண்ணீரில் கழுவவே கூடாது. குறைந்த அழுத்தத்தில் காற்று ஊதுங்கள். கரித்தூள் வெளியே வந்தால் பெட்டியை மாற்ற வேண்டியதுதான்.

*

பல பாகங்களை டொயோட்டா இப்போது தயாரிப்பதில்லை. வேறு மாநிலத்தில் யாராவது இந்தச் சாமானையெல்லாம் கழற்றுகிறார் என்று தெரிந்தால் உடனே கேட்டு வாங்கிவிடுங்கள். முக்கியமாக, கூலன்ட் சூட்டை வைத்துத் திறந்து மூடும் பிளாஸ்டிக் மூக்கு வேக்யூம் ஸ்விட்சுகள். ஹோஸை இழுத்துப் பிடுங்கினால் அந்த மூக்கு ஒடிந்துவிடும். ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். ஹோஸ் போனால் போகிறது.