கீப்பரின் கணக்கு

5 டெஸ்ட், 33 ரன், அதிகபட்சம் 20. கூடவே 7 கேட்ச், ஒரு ஸ்டம்பிங். பி. கிருஷ்ணமூர்த்தி என்ற ஹைதராபாத்காரரைப் பற்றி டெஸ்ட் கிரிக்கெட் வைத்திருக்கும் கணக்கு இவ்வளவுதான். இவரை எதற்காக அணியில் சேர்த்தார்கள் என்று இன்றைய ரசிகர் கேட்கலாம். அந்த 5 டெஸ்ட்களும் எவை என்று தெரிந்தால் கேட்கமாட்டார்.

1971ல் அஜித் வடேகர் தலைமையில் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. சேப்பாக்கத்தில் 1967ல் உணவு இடைவேளைக்குள் 94 ரன் விளாசிய பரூக் இன்ஜினியர், உள்நாட்டுப் போட்டிகளில் ஆடவில்லை என்பதால் சேர்க்கப்படவில்லை. அந்த இடத்துக்கு வந்த கிருஷ்ணமூர்த்திக்கு வயது 23. ஐந்து டெஸ்ட்களிலும் அவரே கீப்பர். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கிடைத்த வெற்றி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்தியா கண்ட முதல் டெஸ்ட் வெற்றி. தொடரும் 1-0 என்று நம் வசமானது.

அந்தத் தொடர் என்றால் கவாஸ்கரின் 774 ரன் நினைவுக்கு வரும். சென்னைக்காரர்கள் வெங்கட்ராகவனின் 22 விக்கெட்டைச் சொல்வார்கள். வெங்கட், பிரசன்னா, பேடி, துரானி என்று நாலு சுழற்பந்து வீச்சாளர்கள். அவர்களுக்கு ஸ்டம்பை ஒட்டிக் குந்தியிருந்து பந்து பிடிப்பது லேசான வேலையல்ல. ஆஃப் ஸ்பின் உள்ளே திரும்பும்போது பேட்ஸ்மேனின் உடம்பே பந்தை மறைத்துவிடும். எங்கே வரும் என்று ஊகித்துத்தான் கையை நீட்ட வேண்டும். பந்து எழும்பும்போதுதான் கீப்பரும் எழ வேண்டும். அவசரப்பட்டால் கால்களுக்கு நடுவே ஓடிவிடும். ஹெல்மெட்டும் கிடையாது. நாள் முழுக்க ஐந்நூறு முறை உட்கார்ந்து எழுந்தாலும், பேசப்படுவது கோட்டைவிட்ட ஒரு கேட்ச்தான்.

அதே ஆண்டு இங்கிலாந்துக்கு இன்ஜினியர் திரும்பி வந்தார். பிறகு வந்த கிர்மானி 88 டெஸ்ட் ஆடினார். கிருஷ்ணமூர்த்திக்கு 1976ல் நியூஸிலாந்தில் ஒரே ஒரு ஒருநாள் போட்டி கிடைத்தது. டெஸ்ட் மீண்டும் கிடைக்கவில்லை. ஹைதராபாத் ரஞ்சி அணிக்கு ஆடினார். மும்தாஜ் ஹுசேனின் மாயப் பந்துகளுக்கும், சென்னையிலிருந்து இங்கே வந்து ஆடிய வி. ராம்நாராயணின் ஆஃப் ஸ்பின்னுக்கும் பின்னால் நின்றவர் அவர். 1999 ஜனவரியில் 51 வயதில் காலமானார்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? நான் வசிக்கும் ஏ.எஸ்.ராவ் நகரில், பக்கத்து வீட்டுப் பையனுக்கு 14 வயது. தெரு ஆட்டத்தில் கீப்பராக நிற்க யாரும் முன்வர மாட்டார்கள். இவன் கேட்டு வாங்கி நிற்பான். டென்னிஸ் பந்து எப்படித் துள்ளினாலும் கையில் ஒட்டிக்கொள்ளும். பயிற்சி முகாமில் அவனுக்குக் கிடைத்த அறிவுரை: "கீப்பிங் இருக்கட்டும், முதலில் ரன் அடி." உலக வழக்கமும் அதுதான். கில்கிறிஸ்டும் தோனியும் வந்த பிறகு கீப்பர் என்றால் பேட்ஸ்மேன். இந்தியாவின் கைதேர்ந்த கீப்பர்களில் ஒருவரான சாஹா, 2018ல் கேப்டவுன் டெஸ்டில் 10 கேட்ச் பிடித்தவர், டெஸ்டில் 3 சதமும் அடித்தவர். அவரே அதிரடிக்காரர் பந்துக்கு வழிவிட வேண்டியதாயிற்று.

அமெரிக்க பேஸ்பாலில் மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சரும் இதே ஜாதி. அங்கே கேமராக்கள் ஒவ்வொரு பந்தையும் அளக்கத் தொடங்கிய பிறகு, பந்தை வாங்கும் நேர்த்தியால் கேட்சர் அணிக்கு எத்தனை ரன் மிச்சப்படுத்தினார் என்றே கணக்குப் போடுகிறார்கள். மட்டை பேசாத கேட்சருக்கும் அதனால் மதிப்பு உண்டு. நம் ஸ்கோர் அட்டையில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. எண்ணாத உழைப்புக்குக் கூலியும் இல்லை. கிரிக்கெட்டில் மட்டுமா, வீட்டுச் சமையலறையிலும் அதுதானே நடக்கிறது?

"அவர் எத்தனை ரன் அடித்தார், அங்கிள்?" என்று பையன் கேட்டான். 33 என்றேன். அவன் முகம் தொங்கிவிட்டது. "ஐந்து டெஸ்டும் ஆடினார், தொடரில் ஜெயித்தோம்" என்றேன். பேட்டிங்கும் பழகு என்றுதான் சொன்னேன். இன்று வேறு வழியில்லை. கூடவே ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்தேன், பிடித்த பந்துகளை எழுதிவைக்க. முதல் பக்கம் ஒரே வாரத்தில் நிரம்பிவிட்டது.