பொறி பறந்தால் சோறு!

பி.காம். படித்தவனுக்குப் பட்டறை ஆசை! விருதுநகர் பழைய இரும்புக் கடையில் ஒரு கொல்லன் குறடு, எடைக்குக் கிடைத்தது. "குறட்டை வாங்கியிருக்கேன்" என்றதும் மனைவி, "அதான் தினம் ராத்திரி விடுறீங்களே!" என்றாள்.

பக்கத்து ஊர்ப் பட்டறையில் போய் நின்றேன். "மஞ்சளாப் பழுத்ததும் அடிங்க தம்பி. கறுத்துட்டா கைதான் வலிக்கும்" என்றார் ஆசாரி. பத்தே அடியில் தோள்பட்டை ராஜினாமா! பொறி மட்டும் ஜோராகப் பறந்தது.

திரும்பும் வழியில், சிவகாசிப் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் நண்பனைப் பார்க்க இறங்கினேன். பையிலிருந்த குறட்டை வாசலிலேயே வாங்கி வைத்தார் காவலாளி. "இரும்பு உரசினா பொறி வரும் சார். மருந்து அறையில மரம், பித்தளைதான்."

வீண் கெடுபிடி அல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று, பக்கத்து முதலிப்பட்டியில் ஆலை வெடித்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள்.

ஆசாரிக்குப் பொறி பறந்தால் சோறு. இங்கே பறக்காதவரைதான் சோறு.