கடலிலிருந்து வந்த மருமகள்

வட அட்லாண்டிக்கில், ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவில் கிடக்கும் ஃபரோ தீவுகள் மொத்தம் 18. மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு தேவாலயமும் நீதிமன்றமும் டேனிஷ் மொழிக்குப் போய்விட்டன. ஃபரோ மொழி ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் வாய்வழியாகவே பிழைத்துக் கிடந்தது. இன்றைய எழுத்துமுறையை ஹாமர்ஷாய்ம்ப் என்பவர் வகுத்ததே 1846-இல்தான். யாக்கப் யாக்கப்சென் திரட்டிய நாட்டார் கதைகள் 1898 முதல் 1901 வரை அச்சேறின.

அதுவரை கதைகளைக் காத்தது கம்பளி வேலை. நீண்ட குளிர்கால மாலைகளில், நடுவில் கணப்பு எரியும் புகையறையில் வீட்டார் கூடிக் கம்பளியைச் சிக்கெடுப்பார்கள், நூற்பார்கள், பின்னுவார்கள். கைக்கு வேலை, காதுக்குக் கதை. ஐஸ்லாந்திலிருந்து தீவுகளை இழுத்துப்போக வந்து, விடிந்துவிட்டதால் கல்லாகிப்போன அரக்கனும் அவன் மனைவியும் அந்தக் கதைகளில் வருகிறார்கள். எய்டி ஊருக்கு அருகே கடலில் நிற்கும் இரண்டு பாறைத் தூண்கள் அவர்கள்தானாம்.

எல்லாவற்றிலும் வலியது கால்சோய் தீவின் மிக்லதாலுர் ஊர்க் கதை. கிறிஸ்துமஸ் காலம் முடியும் இரவில் கடல்நாய்கள் கரையேறி, தோலைக் கழற்றிவிட்டு மனிதராக ஆடும். ஓர் இளைஞன் ஒருத்தியின் தோலை ஒளித்துவைத்து அவளை மனைவியாக்கிக்கொள்கிறான். தோல் பெட்டிக்குள், சாவி அவன் இடுப்பில். ஒருநாள் மீன்பிடிக்கப் போனவன் சாவியை வீட்டில் மறந்துவிட்டான். பதறித் திரும்பினால் பிள்ளைகள் மட்டும் இருக்கிறார்கள். போகுமுன் அவள் அடுப்பை அணைத்து, கத்திகளையெல்லாம் எடுத்து மறைத்துவைத்திருந்தாள்.

பிரிவோடு கதையை நிறுத்தினால் அது பாதிதான். ஊராரின் கடல்நாய் வேட்டைக்கு முந்தைய இரவு அவள் அவனுடைய கனவில் வந்து, குகைவாயிலில் படுத்திருக்கும் தன் கடல் கணவனையும் உள்ளே இருக்கும் இரண்டு குட்டிகளையும் கொல்ல வேண்டாம் என்கிறாள். கொன்றே விடுகிறார்கள். இறந்தவர்கள் கைகோத்து நின்றால் தீவையே சுற்றிவளைக்கப் போதுமான அளவுக்கு இவ்வூர் ஆண்கள் கடலிலும் செங்குத்துப் பாறையிலும் சாக வேண்டும் என்பது அவள் சாபம். ஆண்களைக் கடலுக்கும் மலைமுகட்டுக்கும் அடிக்கடி பறிகொடுத்த ஊர், அதற்கொரு காரணத்தை இப்படிக் கண்டுகொண்டது போலும். ஹான்ஸ் பவுலி ஓல்சென் வடித்த அவள் சிலை 2014 முதல் அவ்வூர்க் கரையில் நிற்கிறது.

இன்று தாய்லாந்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் பெண்கள் இத்தீவுகளுக்கு மணமுடித்து வருகிறார்கள். அவர்களைக் கடல்நாய்ப் பெண்ணோடு ஒப்பிட யாருக்கும் தோன்றலாம். ஆனால் பொருந்தாது. இவர்கள் விரும்பி வந்தவர்கள், ஊருக்குப் போய்வரவும் வழியுண்டு. வந்தவர் எளிதாக நுழையக்கூடிய இடம் கதையல்ல, ஃபரோ மக்களின் வட்ட ஆட்டம். இசைக்கருவி கிடையாது. கைகோத்து இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் ஓரடி. நீண்ட கதைப்பாடலை ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடர்வார்கள். வட்டத்தில் எந்த இடத்திலும் யாரும் கைசேர்க்கலாம். கதைப்பாடல் முழுக்க மனப்பாடமாக வருடங்களாகும், பல்லவி அன்றைக்கே பிடிபட்டுவிடும்.