சளியோடு ஸ்கூபா டைவிங் போகலாமா?

மாதக்கணக்கில் காசு சேர்த்து அந்தமான் போயாயிற்று. டைவிங் அன்று காலையில் மூக்கு அடைக்கிறது. ‘லேசான சளிதானே’ என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. வினையே அங்கேதான்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல 2 மடங்கு. மேலே வரும்போது காதுக்குள் விரியும் காற்று, தொண்டைக்குப் போகும் குழாய் வழியே வெளியேற வேண்டும். மாத்திரையின் வேகம் தீர்ந்து ஒரு பக்கம் அடைத்துக்கொண்டால், இரண்டு காதுகளும் மூளைக்கு வெவ்வேறு சேதி சொல்லும். தலை சுற்றும், மேல் எது, கீழ் எது என்றே புரியாது.

பதறி மேலே பாயக் கூடாது. கயிற்றையோ, கூட வந்தவரின் கையையோ பிடித்துக்கொண்டு, சற்றுக் கீழிறங்கி, சீராக மூச்சு விட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். குமிழிகள் போகும் பக்கம்தான் மேல்.

கரையேறிய பிறகும் சுற்றுகிறதா? காது இரைகிறதா, சரியாகக் கேட்கவில்லையா? உள்காதில் காயமோ, நைட்ரஜன் குமிழிகளின் பாதிப்போ இருக்கலாம். குமிழி என்றால் உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் சிகிச்சை தேவை. தாமதித்தால் செவித்திறனே போகலாம். சாதாரண மயக்கம் என்று படுத்துவிடாமல் உடனே டாக்டரிடம் போங்கள். முதல் வார்த்தையாக, ‘டைவிங் போயிருந்தேன்’ என்று சொல்லுங்கள்.